தானாக இறங்கும் கால்

முதல் தடவை அங்கே இருந்தவர்கள் இவர்கள்.

லைசன் சோதிக்கிற வெள்ளைக்காரத் துரை. காரில் இடது பக்கம் இருந்தார். மடியில் அட்டை, கையில் பென்சில்.

கார் பழக்குகிற சீனர். கார் அவருடையது. மரத்தடியில் சிகரெட்டோடு நின்றார்.

மளிகைக்கடை முதலாளி. தன் ஆள் பாஸாவதைப் பார்க்க வந்தவர். சலவை வேட்டி, கசங்காத சட்டை.

நான். வடைக் கூடையும் தேத்தண்ணிக் கலயமுமாக அதே மரத்தடியில். சோதனைக்கு வருகிறவர்கள் பயத்தில் நிறையத் தின்பார்கள். அதனால்தான் அந்த இடம் பிடித்தேன்.

எதிரே வந்த காரில் இன்னொரு துரை. யார் என்று இன்றுவரை தெரியாது.

கடைசியாக அவர். ஸ்டீயரிங்கில்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எழுந்து நிற்கிற மனிதர். இப்போது எங்கே இருந்தாலும் உட்கார்ந்திருக்கட்டும்.

கார் நன்றாகத்தான் போனது. கியர் மாற்றியது காதில் விழவில்லை. வளைவில் கையை வெளியே நீட்டிக் காட்டினார். முதலாளி என் பக்கம் திரும்பி, "பாத்தியா, என் ஆளு" என்றார். அந்த நேரம் எதிரே ஒரு பெரிய கார் வந்தது. உள்ளே துரை.

அவர் நடுரோட்டில் பிரேக் போட்டார். ஹேண்ட்பிரேக்கையும் இழுத்தார். கதவைத் திறந்து இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். தலையைக் குனிந்து நின்றார்.

பெரிய கார் போனது. உள்ளே இருந்த துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். அவர் நிதானமாக ஏறினார், கதவைச் சாத்தினார், காரை எடுத்தார். மிச்ச ரவுண்டையும் சுத்தமாக ஓட்டிக் கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தினார்.

சோதிக்கிற துரை மலாயில் கேட்டார், ஏன் இறங்கினாய் என்று.

"துவான் வந்தாங்க, துவான்" என்றார் இவர், மலாயில். துவான் என்றால் துரை.

"நானும் துவான்தான். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேனே."

அப்போதுதான் நினைவு வந்தவர்போல அவர் மறுபடியும் இறங்கினார்.

துரை அட்டையில் கோடு போட்டார். முதலாளி வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். சீனர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார்.

அவர் என் கூடைக்கு முன்னால் வந்து குந்தினார். இரண்டு வடை தின்றார்.

"நல்லாத்தான் ஓட்டுனேன்."

"ஆமாண்ணே."

"காலு தானா இறங்குது, தங்கச்சி."

எழுந்து எங்கள் காஜா பெராங் தெருவுக்கு நடந்தே போனார். சீனர் காரில் ஏறச் சொன்னார். கேட்கவில்லை. தோற்றவன் காரில் போவது முறையில்லையாம்.

*

நானும் அவரும் ஜாசின் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தில் சைக்கிளில் போகிறவன் துரையைக் கண்டால் இறங்க வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும், மழை பெய்தாலும். கிராணிக்கும் அப்படித்தான், கணக்கெழுதுகிற கிராணி என்றாலும் அவர் துரைக்கு அடுத்த ஆள். எங்கள் எல்லாருக்கும் இது பழக்கம். டவுனுக்கு வந்தபின் விட்டுவிட்டோம். நான் ஒரு வாரத்தில் விட்டேன். அவர் விடவில்லை.

காஜா பெராங்கில் மளிகைக்கடைக்குப் பின்னால் பலகை வீட்டு வரிசை. அவர் வீடு இரண்டாவது, என் வீடு ஐந்தாவது. கடையிலிருந்து சைக்கிளில் அரிசி மூட்டை கட்டிக்கொண்டு வருவார். கோயில் குருக்கள் வந்தால் இறங்குவார். பள்ளிக்கூட வாத்தியார் வந்தால் இறங்குவார். தபால்காரர் காக்கி போட்டிருப்பார், அதனால் அவருக்கும். அரை மைல் வருவதற்குள் ஏறி இறங்கி மூட்டை சரிந்துவிடும். மறுபடி கட்டுவார்.

ஒரு நாள் ஒரு துரையின் கார் போனது. உள்ளே டிரைவர் மட்டும். பின்சீட் காலி. அதற்கும் இறங்கினார்.

"அண்ணே, உள்ள ஆளே இல்லையே."

"கார் அவரோடதுதானே, தங்கச்சி."

 

ஓட்டத் தெரியாதவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடையின் பழைய லாரியைப் பின் சந்துக்குள் ரிவர்ஸில் விடுவார். இரு பக்கமும் நாலு விரல் இடம்தான் இருக்கும். ஒரு கீறல் விழாது. ஓட்டிக்கொண்டிருந்த மலாய்க்காரருக்கு வயதாகிவிட்டது, கம்பத்துக்கு, அதாவது தன் கிராமத்துக்கு, போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவருக்குக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான்.

முதலாளி ஒரே பேச்சாகச் சொன்னார். "லைசன் எடு. லாரி உனக்கு. எடுக்கலன்னா பத்து பெரெண்டாம் ஊர்ல ஒருத்தன் ரெடியா இருக்கான்."

அவருக்கு நாற்பது வயது. பதினாறு வருஷம் மூட்டை தூக்கினவர். முதுகு போய்விட்டது. இனிமேல் மூட்டை தூக்கினால் படுக்கைதான் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் பெண்டாட்டிதான் தண்ணிக் குழாயடியில் என்னிடம் சொன்னாள்.

"ஒன்னு ஸ்டீயரிங்கு. இல்லாட்டி பாயி. ரெண்டுல ஒன்னு பாத்திருவேன்."

வாளி நிரம்பி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

*

சோதனை மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும்.

இரண்டாவது தடவை அவர் காரை மரத்தடியில் போட்டுவிட்டுத் தயாராக இருந்தார். துரை ஆபீசிலிருந்து வருவதைப் பார்த்தார். ஓடிப்போய் இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். அந்த அவசரத்தில் ஹேண்ட்பிரேக் போடவில்லை. கார் மெதுவாக உருண்டு என் கூடைமேல் ஏறி நின்றது. இருபத்தாறு வடை போயிற்று. துரை சிரித்தார். சிரித்துக்கொண்டே கோடு போட்டார்.

மூன்றாவது தடவை புக்கிட் சீனா குன்று அடிவாரத்தில் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டார். கொஞ்ச தூரத்தில் ஒரு சீனர் வீட்டுச் சாவு ஊர்வலம். பெரிய மனிதர் போல, பாண்டு வாத்தியம், கொடி, பூவண்டி. எல்லா வண்டியும் நின்றது. அதில் தப்பில்லை. இவர் இறங்கினார். அதோடு விட்டிருக்கலாம். பிணத்தோடு நாலடி நடந்துவிட்டார்.

"யாருண்ணே அது? தெரிஞ்சவரா?"

"தெரியாது. பெரியவரு போறாரு, சும்மா நிக்கிறதா?"

நாலாவது தடவைக்குச் சீனர் ஒரு யோசனை செய்தார். அவரை சீட்டோடு சேர்த்து ஒரு பழைய கைலிச் சாரத்தால் இடுப்பில் கட்டினார். துரை பார்த்துவிட்டு, இது என்ன என்றார். "முதுகு வலி, துவான்" என்று சீனர் சொன்னார். அது பொய்யும் இல்லை. கார் கிளம்பியது. கோர்ட்டுக்கு எதிரே ஒரு அதிகாரி நடந்து போனார், நடந்துதான் போனார். கதவு திறந்தது. சாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. பாதி உடம்பு உள்ளே, பாதி உடம்பு வெளியே. தொங்கிக்கொண்டே சலாம் வைத்தார்.

ஒவ்வொரு தடவையும் தெருவில் கேலி பண்ணுவார்கள். முடிவெட்டுகிற கடைக்காரர் வாசலில் நின்று கேட்பார்.

"என்னண்ணே, இன்னைக்கு யாருக்கு இறங்குனீங்க?"

அவர் கோபிக்க மாட்டார். சைக்கிளை நிறுத்தி விவரமாகச் சொல்லுவார். இன்ன இடம், இன்ன கார், இன்ன துரை. கேட்டவருக்கே சலித்துவிடும்.

"இறங்குறதுல என்ன குறைஞ்சு போயிர்றோம்?" என்று முடிப்பார்.

"லைசன் குறையுது அண்ணே" என்பார் முடிவெட்டுகிறவர்.

*

ஐந்தாவது தடவைக்கு முன்னால் நானும் ஒரு யோசனை செய்தேன். எனக்குப் படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம். யோசனைக்குப் படிப்பு வேண்டியதில்லை.

பழைய சாமான் கடையில் துரைமார் போடுகிற தொப்பி ஒன்று கிடைத்தது. சேலைக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு சீனர் காரில் இடது பக்கம் உட்கார்ந்தேன். சீனர் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஓட்டுங்கண்ணே."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கழுத்து வியர்த்தது.

"அண்ணே, நான்தான். வடைக்காரி."

"தெரியுது தங்கச்சி."

"பின்ன என்ன?"

"தொப்பி இருக்கே."

பத்து நாள் பழகினோம். தெருப் பிள்ளைகள் எல்லாம் எனக்குச் சலாம் வைத்தன. ஒன்பதாவது நாள் அவர் இறங்காமல் ஒரு ரவுண்டு வந்தார். பத்தாவது நாள் இரண்டு ரவுண்டு. சீனர் எனக்கு ஒரு கட்டு சிகரெட் கொடுத்தார். நான் பிடிப்பதில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

சோதனை அன்று இரண்டு துரைமார் எதிரே வந்தார்கள். அவர் இறங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். நானும் சீனரும் மரத்தடியில் மூச்சுவிடாமல் பார்த்தோம். கடைசி வளைவு. அங்கே தபால்காரர் சைக்கிளில் வந்தார்.

தபால்காரருக்குத் தொப்பி இல்லை. காக்கிக்கு நாங்கள் பழகவில்லை.

அன்று வடை தின்னவில்லை. கூடைக்கு முன்னால் குந்தினார். அவராகவே பேசினார்.

"எனக்கு அப்ப ஆறு வயசு. காய்ச்சல். அப்பா என்னைய முன்னால உக்கார வெச்சு சைக்கிள்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. பெரிய தொரை எதிர்ல வந்தாரு. இறங்குனா நான் விழுந்துருவேன்னு அப்பா இறங்கல."

"அப்புறம்?"

"அன்னைக்கே பொட்டி கட்டச் சொல்லிட்டாங்க. அப்பா போயி பங்களா வாசல்ல ரெண்டு நாளு நின்னாரு. அப்புறம் விட்டாங்க."

கலயத்தில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார்.

ஆறாவது தடவை நடந்ததைப் பற்றி அவர் பேசமாட்டார். நானும் எழுதவில்லை.

*

பிறகு மெர்டேக்கா, சுதந்திரம், வந்தது. பாடாங் திடலில் கூட்டம், கொடி, பாட்டு. நான் நூறு வடை கொண்டுபோனேன். எல்லாம் விற்றுப்போனது.

தெருவில் எல்லாரும் அவரிடம் ஒரே பேச்சுத்தான்.

"இனி கவலை இல்லண்ணே. தொரைமாரெல்லாம் கப்பலேறிட்டான். இனிமே யாருக்கு இறங்குவீங்க?"

எல்லாரும் ஏறிவிடவில்லை. ஆனால் லைசன் சோதிக்கிற துரை போய்விட்டார். புது ஆள், நம் ஆள் ஒருவர் வருகிறார் என்றார்கள். இவர் பெண்டாட்டி காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தாள். முதலாளி மறுபடி மரத்தடிக்கு வந்தார்.

ஆபீஸ் கதவு திறந்தது. இருபத்தாறு வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி, மடிப்புக் கலையாத கால்சட்டை. அட்டையோடு இறங்கி வந்தார்.

எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியின் மகன்.

 காரில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். ஏற்கெனவே காரைவிட்டு இறங்கி நின்றிருந்தார். அந்தப் பிள்ளை சின்னதாக இருந்தபோது ஆற்றைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவரே இவர்தான். மூன்று வருஷம்.

அதிகாரிக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே! நீங்களா?"

"சின்னையா."

"ஏறுங்கண்ணே, போகலாம்."

"நீங்க ஏறுங்க சின்னையா."

"நான் ஏறிட்டேன். நீங்க ஏறுங்க."

"நான் நிக்கிறேன் சின்னையா."

"நின்னுக்கிட்டு எப்படிண்ணே கார் ஓட்டுவீங்க?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். வழி ஏதாவது இருந்தால் அப்படியே ஓட்டியிருப்பார்.

அரை மணி நேரம் இப்படியே போனது. வரிசையில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். அதிகாரி கெஞ்சினார். இவரும் கெஞ்சினார். கடைசியில் அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டு கோடு போட்டார்.

ஓட்டாமலே ஃபெயிலான ஆள் இவர் ஒருவர்தான் என்று சீனர் சொன்னார். முதலாளி வேறு ஒன்று சொன்னார்.

"இன்னும் ஒரே தடவை. அதுவும் போச்சுன்னா அடுத்த திங்கக்கிழமை பத்து பெரெண்டாம்காரன் வந்து சாவிய வாங்கிக்குவான். மலாய்க்காரரு இனி இருக்க மாட்டேன்னுட்டாரு."

"சரிங்க முதலாளி" என்றார் அவர். நின்றபடி.

*

எட்டாவது தடவை அன்று காலையில் நான் வடைக் கூடையை மரத்தடியில் வைத்துவிட்டு ஆபீஸ் வாசலுக்குப் போனேன். அதிகாரி வெளியே வந்தார்.

"தம்பி, ஒரு பேச்சு."

"சொல்லுங்க அக்கா."

"அவர அண்ணேன்னு கூப்பிடாதீங்க."

"ஏன்?"

"கெஞ்சுனா செய்யமாட்டாரு. ஆர்டர் போட்டா செய்வாரு. உங்கப்பா போடுற மாதிரி போடுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னையத் தோள்ல தூக்குனவரு, அக்கா."

"ஆமா. இப்ப அவரு முதுகு போயிருச்சு. லாரி கிடைக்கலன்னா அவ்வளவுதான்."

 திரும்பி வந்துவிட்டேன்.

அவர் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அதிகாரி வந்தார். முகம் வெளுத்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு ஒரு குரல் வந்தது. பெரிய கிராணியின் குரலேதான். மரத்தடியில் இருந்த நானே எழுந்துவிட்டேன்.

"ஏய்! ஏறு!"

ஏறினார்.

"உக்காரு."

உட்கார்ந்தார்.

"நான் சொல்ற வரைக்கும் காரைவிட்டு இறங்கக்கூடாது. எவன் வந்தாலும் சரி. இறங்குனா ஃபெயில். புரியுதா?"

"புரியுது சின்னையா."

அவர் முகம் தெளிந்துவிட்டது. காய்ச்சல் விட்டவன் முகம் மாதிரி. ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கார் போனது.

அன்று ஒரு துரை எதிரே வந்தார். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். தபால்காரரும் வந்தார், வேண்டுமென்றே வருகிறவர்போல. கார் எங்கேயும் நிற்கவில்லை. மேட்டில் நின்று ஏறியது, ஓர் அங்குலம் பின்னால் போகவில்லை. சுற்றிவந்து மரத்தடியில் நின்றது.

அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டார். மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தார். 

"பாஸ், அண்ணே. பாஸ்."

அப்போது ஆபீசிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். உஜோங் பாசிர் ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்துவிட்டது, போலீஸ் கூப்பிடுகிறது, போய்ப் பார்க்க வேண்டும் என்றான். அதிகாரி குதித்து இறங்கி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சீனர் கைதட்டினார். நானும் தட்டினேன். கதவைத் திறந்து பிடித்தேன்.

"இறங்குங்கண்ணே."

"சின்னையா சொல்லலையே."

"என்ன சொல்லல?"

"அவரு சொல்ற வரைக்கும் இறங்கக்கூடாது. இறங்குனா ஃபெயில்."

"அதான் பாஸ் ஆயிட்டீங்களே, தாளு பையில இருக்கு."

"தாளுல போட்டத அடிக்க எவ்வளவு நேரம் ஆகும், தங்கச்சி?"

சீனருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கத்தினார். "தூருன்லா! இறங்கு! ரெண்டு வருஷமா இறங்காதே இறங்காதேன்னு தொண்டை கிழியக் கத்தினேன், இறங்கினாய். இப்போ இறங்குன்னா இறங்க மாட்டேங்கிறாய்!" எல்லாம் மலாயில். அவர் கைகூப்பினார். உட்கார்ந்தபடி.

சீனருக்குக் காரை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டலாமா என்று கேட்டேன்.

"ஓட்டக்கூடாதுன்னு சொல்லல" என்றார் அவர்.

அப்படியாக அவர் ஓட்ட, சீனர் பக்கத்தில், நானும் கூடையும் பின்னால், காஜா பெராங் வந்தோம். கடை வாசலில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை.

முதலாளி மாலையோடு வந்தார். கதவுக்கு முன்னால் நின்றார். அவர் இறங்குவார் என்று நின்றார்.

"மன்னிக்கணும் முதலாளி. எந்திரிக்க முடியல. ஆர்டரு."

"என்னடா ஆர்டரு?"

நான் சொன்னேன். முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கார் தாழ்வு. மாலை போட வேண்டுமென்றால் குனிய வேண்டும். முதலாளி குனிந்தார்.

அவர் பெண்டாட்டி ஓடிவந்தாள். முதலில் அழுதாள். பிறகு திட்டினாள்.

"எந்திரிச்சு வாங்க. தெருவே சிரிக்குது. மானம் போகுது."

"லைசன் போயிரும்டி."

 உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். சன்னல் வழியாக வாங்கி ஸ்டீயரிங் மேலே வைத்துத் தின்றார். சீனர், கடை முன் நடையான அஞ்சடியில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் பேச்சா என்கிற மூன்று சக்கர ரிக்ஷா பிடித்து உஜோங் பாசிர் போனேன். கவிழ்ந்த லாரியைச் சுற்றிக் கூட்டம். அதிகாரி முட்டிவரை சேற்றோடு நின்றிருந்தார்.

"தம்பி, இறங்கச் சொல்ல மறந்துட்டீங்க."

"யாரை?"

சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 

"இறங்கச் சொல்லுங்க அக்கா. நான் சொன்னேன்னு சொல்லுங்க. லைசன யாரும் எடுக்கமாட்டாங்கன்னும் சொல்லுங்க."

திரும்பி வந்தேன். தெரு நிறைய ஆள். செய்தி பரவிவிட்டது. கோயில் குருக்கள் வந்திருந்தார். குனிந்து சன்னல் வழியாகத் திருநீறு பூசினார். வாத்தியார் வந்தார், குனிந்து கைகொடுத்தார். தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கினார். தபால்காரர் யாருக்காகவும் இறங்கி நான் பார்த்ததில்லை. முடிவெட்டுகிறவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து குனிந்தார். "என்னண்ணே, இன்னைக்கு யாருக்கும் இல்லையா?"

"இல்ல" என்றார் அவர். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார், கைகூப்பினார். ஆனால் உட்கார்ந்திருந்தார். முதுகு சீட்டில் சாய்ந்திருந்தது. அவர் எதிலும் சாய்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நானும் குனிந்தேன். மெதுவாகச் சொன்னேன்.

"சொல்லிட்டாரு அண்ணே. இறங்கலாம். லைசன் உங்களுதுதான்."

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். நிற்கிறவர்களைப் பார்த்தார்.

"வேற யாருகிட்டயாவது சொல்லிட்டியா?"

"இல்ல."

"இன்னும் செத்த நேரம் கழிச்சு வந்த மாதிரி இரு, தங்கச்சி."

நான் அஞ்சடியில் சீனர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வெயில் தாழ்ந்தது. தேங்காய் எண்ணெய்க் கடைக்காரர் வந்தார். கோர்ட்டில் எழுதுகிற ஒருவர் வந்தார், கோட்டு போட்டவர். வந்தவர்கள் எல்லாரும் குனிந்து பேசினார்கள். எனக்கு வேறு வேலை இல்லை. குனிந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைக்கு விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு அவராகவே கதவைத் திறந்தார். வலது காலை முதலில் வைத்தார். இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எத்தன பேரு, தங்கச்சி?"

"நாப்பத்தி மூணு."